மூணுபாறைப் பீலிக்கு ஒரு எஸ்டிமேட்

ஒரு நாள் விடியற்காலையில் மூணுபாறைத் தேயிலைத் தோட்டத்துப் பீலியில், அதாவது எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில், தண்ணீர் வரவில்லை. உலக சரித்திரத்தில் இது பெரிய சம்பவமல்ல. மலை உச்சி ஊற்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த இரும்புக் குழாயில் ஒரு துண்டைத் துரு தின்றுவிட்டது, அவ்வளவுதான். புதுத் துண்டு ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கு முத்துலிங்கம் நினைத்தார். இருபது வருஷம் மலையில் வேலைவாங்கிய மனிதர் இப்படி நினைத்தது அவருடைய அனுபவக் குறைவையே காட்டுகிறது.

லயத்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்து ஆற்றுக்கு இறங்கினார்கள். ஏறி வருவதற்குள், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு கலைந்துவிட்டது. காலையில் பெரட்டில் நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. கண்டாக்கு குவாட்டர்ஸுக்கும் அதே குழாய்தான். அங்கே பேர் போவதைவிடப் பெரிய ஆபத்து இருந்தது.

"பல் விளக்கத் தண்ணியில்ல. நான் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போகணுமா? இல்லாட்டி டிக்கோயாவுல எங்கண்ணன் வீட்டுக்குப் போகவா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி நாகலெட்சுமி.

முத்துலிங்கம் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து ஆபீசுக்கு ஓடினார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதொரை புதியவர். வெள்ளைக்காரத் தொரை கப்பலேறிய பிறகு அந்த நாற்காலிக்கு வந்த கொழும்புக்காரர். பைப் புகைக்கப் பழகிக்கொண்டிருந்தார். இருமல் உயிரை வாங்கினாலும் அதைக் கைவிடவில்லை. அந்தக் காலத்தில் நாடு முழுக்கத் திட்டம் போடுவதற்கு ஏக மவுசு. தொரையும் கொழும்பில் மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து, திட்டமிடாமல் தும்முவதுகூட தேசத்துரோகம் என்று கற்றுத் திரும்பியிருந்தார். அவர் இங்கிலீசில் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"குழாய் உடைவது எஸ்டிமேட்டில் உண்டா?"

"இல்லைங்க சார். எஸ்டிமேட் போன வருஷமே போட்டாச்சு. குழாய் இன்னைக்குத்தான் உடைஞ்சிச்சு."

"அதாவது, முன்னறிவித்தல் இன்றி உடைந்திருக்கிறது."

"ஆமாங்க சார்."

"இது ஒழுங்கீனம். ஆனாலும் கருணையோடு பரிசீலிப்போம். அந்தப் பீலியால் பயனடைவோர் எத்தனை பேர்? தேவை தெரியாமல் செலவை மதிப்பிடுவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது போல."

தோட்டத்து டிஸ்பென்சரியில் வழக்கமாக நடப்பது அதுதான் என்பதை முத்துலிங்கம் சொல்லவில்லை. நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார்.

கண்டாக்கு ஆள் எண்ண வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்தது. ஆனால் வழியில் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேட்டு லயத்துக்கு, கூப்பன் அரிசியைக் கூட்டிக் கொடுக்கத்தான் எண்ணுகிறார்கள் என்று போயிற்று. பள்ளத்து லயத்துக்கு, பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றத்தான் எண்ணுகிறார்கள் என்று போயிற்று. இரண்டிலுமே அந்த ஜனங்களுக்கு முன் அனுபவம் இருந்தது.

மேட்டு லயத்தில் மாயாண்டி, தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவர், ஒற்றைக் காம்பராவில் பதினேழு பேர் இருப்பதாகச் சொன்னார்.

"பதினேழு பேரும் எங்கய்யா படுக்கிறது?"

"முறை வச்சுப் படுக்கிறோமுங்கய்யா. ராகலையில எங்க சித்தப்பன் இருக்காரு, அவரையும் சேத்துக்கங்க. மனசால அவரு இங்கதான் இருக்காரு."

பள்ளத்து லயத்தில் காளியாயி பெரிய சட்டியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதாங்கய்யா."

"இவ்வளவு மாவும் உனக்கா?"

"பசிக்குதுங்களே."

விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது.

"அது யாரு?"

"பூனைங்க."

"அம்மா, ஐயா போயிட்டாரா?" என்று பூனை கேட்டது.

முத்துலிங்கம் 'ஒன்று' என்று எழுதிக்கொண்டார். சொன்னதைத்தானே எழுதவேண்டும்? அடுத்த நாள் விஷயம் தெளிவாகி, தண்ணீருக்குத்தான் கணக்கு என்று தெரிந்ததும் காளியாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஐயா, வீட்டுல மெய்யாலுமே ஏழு பேருங்க. மாத்திப் போடுங்க."

"எழுதினது எழுதினதுதான். இஷ்டத்துக்கு மாத்த இது என்ன கோலமா?" என்றார் முத்துலிங்கம். உத்தியோகத்தில் இருப்பவருக்கு இப்படிச் சொல்லும்போது ஒரு சுகம் உண்டு, அவருக்கும் இருந்தது.

கணக்கைப் பார்த்த தொரைக்குப் பைப் அணைந்தே போயிற்று. மேட்டு லயத்தில் ஒரு சிறு பட்டணம். பள்ளத்து லயத்தில் கிட்டத்தட்ட யாருமில்லை.

"தண்ணீர் இல்லாததால் பள்ளத்து மக்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். நிலைமை பாரதூரமானது!"

உடனே எஸ்டிமேட் தயாராயிற்று. முதலில் ஒரு குழாய்த் துண்டு. வாங்கினால் திருட்டுப் போகும், ஆகவே ஒரு காவல்காரன். காவல்காரன் மழையில் நனைவான், ஆகவே ஒரு கொட்டகை. கொட்டகையில் இருப்பவனுக்குத் தண்ணீர் வேண்டும், ஆகவே ஆற்றிலிருந்து அவனுக்குத் தண்ணீர் சுமக்க ஓர் ஆள். இவர்களை மேற்பார்க்கக் கண்டாக்குக்கு ஒரு படி. கடைசி அயிட்டத்தைப் பார்த்ததும் முத்துலிங்கத்துக்குத் திட்டமிடுதலில் நம்பிக்கை பிறந்தது என்பதை மறைப்பானேன்?

எஸ்டிமேட் கொழும்புக்குப் போய்த் திரும்பியது. பத்து சதவீதம் குறைக்கும்படி எழுதியிருந்தார்கள். தொரையும் கண்டாக்கும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து யோசித்தார்கள்.

"காவல்காரனை எடுக்கலாங்களா சார்?"

"மனிதனுடைய பிழைப்பில் கை வைக்கக்கூடாது."

"கொட்டகையை?"

"கட்டி முடித்தாகிவிட்டது."

"மேற்பார்வைப் படியை..." என்று ஆரம்பித்த முத்துலிங்கம், வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்.

கூட்டிப் பார்த்தபோது, எஸ்டிமேட்டில் சரியாகப் பத்து சதவீதமாக இருந்தது குழாய் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் எல்லாவற்றுக்கும் கொழும்பு மனமுவந்து அனுமதி அளித்தது.

காவல்காரனாக அழகன் நியமிக்கப்பட்டான். முதல் நாளே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எதைங்கய்யா காக்கிறது?"

"குழாயை."

"குழாய் இல்லைங்களே?"

"வந்தப்புறம் காக்கிறதுக்கு இப்பவே பழகிக்க."

அழகன் இல்லாத குழாயைக் கண்ணும் கருத்துமாகக் காத்தான். ஒரு நாளும் அது களவு போகவில்லை. பள்ளத்தாற்றில் தண்ணீர் வற்றி, பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள் பேர் இல்லாமல் போயிற்று. ராத்திரி உலையில் போட அரிசி இல்லாத வீடுகள் இருந்தன. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நாகலெட்சுமி டிக்கோயாவுக்குப் பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரணி என்கிற கொழுந்துக்காரி பொறுமையிழந்தாள். ஆற்றோரத்து மூங்கிலை வெட்டிப் பிளந்து, கணுவைத் தட்டிவிட்டு, ஏழெட்டுப் பெண்களோடு துரு தின்ற இடத்தில் கட்டிவிட்டாள். மத்தியானத்துக்குள் பீலியில் தண்ணீர் கொட்டியது. முத்துலிங்கம் அதைப் பார்த்தும் பாராதவர்போல இருந்தார். ஆனால் திறந்த மூங்கிலில் வேகம் குறைந்ததால், மேட்டிலிருந்த குவாட்டர்ஸுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அதற்கு ஊற்றிலிருந்து தனி மூங்கில் போடவேண்டும்.

அடுத்த வாரம் கொழும்புக் கம்பெனியின் விசிட்டிங் தொரை தோட்டம் பார்க்க வந்தார். கொட்டும் பீலியைக் கண்டு மெச்சினார்.

"குழாய்ச் செலவு எவ்வளவு?"

"பூஜ்யம்" என்றார் பெரியதொரை, வாயிலிருந்து பைப்பை எடுத்துவிட்டு.

விசிட்டிங் தொரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரும் வருஷத்துக்கு லயங்களின் கூரை, கதவு, வாய்க்கால் அத்தனை பழுதுக்கும் இதே தொகையை, விலைவாசியை உத்தேசித்துப் பத்து சதவீதம் கூட்டி, அங்கேயே அனுமதித்தார்.

அன்று சாயங்காலம் முத்துலிங்கம் தானே நடந்து மேட்டு லயத்துக்குப் போனார்.

"பூரணி, நம்ம குவாட்டர்ஸுக்கும் ஒரு மூங்கில் போட்டுக் கொடுத்தா நல்லா இருக்கும்."

"எனக்கென்னங்கய்யா தெரியும்? இப்ப எல்லாம் கமிட்டிதாங்க" என்றாள் பூரணி. அவள் குரலில் சலிப்பு இருந்தது.

தண்ணீர் வந்த மூன்றாம் நாளே லயத்தில் பீலிக் கமிட்டி அமைந்துவிட்டது. தலைவர் மாயாண்டி. செயலாளர், பொருளாளர், உபதலைவர்கள் என்று ஆண்கள் எல்லோருமே கமிட்டியில் இருந்ததால், மூங்கிலில் அடைக்கும் சருகை அள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை. பூரணிக்குக் கமிட்டியில் இடமில்லை. அவள் கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

மாயாண்டி காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு குவாட்டர்ஸுக்கே வந்தார்.

"தேவை தெரியாம செய்யக்கூடாதில்லைங்களா? ஐயா வீட்டுல எத்தனை பேரு?"

அவர், மனைவி, மகள். மூன்று பேர். ஆனால் மூன்று என்று சொன்னால் மூங்கிலை ஒல்லியாகப் போட்டுவிடுவார்களோ, எப்படியும் குறைப்பார்களே, கொஞ்சம் கூட்டி வைத்தால் நல்லதில்லையா?

"எட்டு" என்றார் முத்துலிங்கம்.

நாகலெட்சுமி கதவுக்குப் பின்னால் நின்று வீட்டுக்குள் இன்னும் ஐந்து பேரைத் தேடினாள்.

கமிட்டி கூடியது, விவாதித்தது, தீர்மானித்தது. மாயாண்டி வந்து பணிவாகச் சொன்னார்:

"எட்டுப் பேருக்கு ஊத்து தாங்காதுங்கய்யா. மூணு நாலு பேருன்னா போட்டிருப்போம். ஆனா தலைக்கு ஒரு ஆளுன்னு ஞாயித்துக்கிழமை சருகு அள்ளுற வேலை எல்லா வீட்டுக்கும் உண்டுங்க. ஒங்க வீட்டுக்கு எட்டு ஆளு."

"மாயாண்டி, உள்ளதைச் சொன்னா நாங்க மூணே பேருதான்யா!"

"எழுதினது எழுதினதுதானுங்களே, ஐயா."

ஞாயிற்றுக்கிழமை முத்துலிங்கம் மூங்கில் ஓரமாகக் குனிந்து சருகு அள்ளினார். எட்டு ஆள் வேலை என்பதால் பொழுது சாய்ந்தும் முடியவில்லை. இல்லாத குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகன் அவருக்காக மிகவும் வருத்தப்பட்டான். பீலியடியில் காளியாயி வீட்டு ஏழு பேரும் வரிசையாகக் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கண்டாக்கு நோட்டுப்படி அந்த வீட்டுக்கு ஓர் ஆள் வேலைதான், அதைக் காலையிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். ஏழு பேரில் சின்னது, அன்றைக்குத் தும்மிய பூனை, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும்போது மரியாதையாகக் கேட்டது:

"ஐயா, மத்த ஏழு பேரும் எங்கங்க?"

"வருவாங்க" என்றார் முத்துலிங்கம்.