ஒட்டுக் காக்காவின் பூவரசு

அன்று பூவரச மரத்தடியில் இருந்தவர்கள்: பள்ளிவாசல் மரைக்கார், கையில் பச்சைப் பெயின்ட் வாளியுடன். தையற்காரர் கச்சி முகம்மது. நான். மரத்தின் முன்னால் குந்தியிருந்து அதைச் சாக்குத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த ஒட்டுக் காக்கா.

ஓட்டைகளுக்கு அவரைப்போல ஒரு எதிரி கல்முனையில் பிறந்ததில்லை. சைக்கிள் கடைக்காரர். டியூப், குடை, வாளி, ஒருமுறை யாரோ ஒருவருடைய கட்டுப்பல், எதற்கும் ஒட்டுப் போடுவார். அதனால் அந்தப் பெயர்.

கடை வாசலில் அவர் நட்ட மரம் அது. பள்ளியில் கந்தூரி விழா வருகிறது, ஏற்றப்போகும் பச்சைக் கொடியின் நிறத்தில் மரமும் இருக்கட்டும் என்று மரைக்கார் அடியிலிருந்து கொப்புவரை பெயின்ட் அடித்துவிட்டார்.

"மரத்துக்கு மூச்சு முட்டும் மரைக்கார்," என்றார் காக்கா.

"மூச்சு இலையாலதானே விடும்? இலைக்கு நான் அடிக்கல்லயே."

"தண்டாலயும் விடும். இஞ்ச பாருங்க."

காக்கா பெயின்ட் படாத ஒரு கொப்பை வெட்டினார். ஒரு முனையை அடைத்தார். மறுமுனையை ரப்பர் துண்டால் பம்பில் பூட்டி, டியூப் பார்க்கும் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்திக் காற்றடித்தார். பட்டையில் பொரி பொரியாக இருந்த இடங்களில் குமிழி வந்தது.

"பஞ்சர் காக்கா," என்றார் கச்சி முகம்மது. "ஒட்டுப் போடுங்க."

"இதுக்கு ஒட்டுப் போட்டா மூச்சு நிண்டு மௌத்தாகிரும்."

சொல்லிவிட்டு மீண்டும் துடைத்தார். அவருக்கு இழுப்பு நோய். பெயின்ட் மணத்தில் நெஞ்சு விசிலடித்தது.

"விடுங்க காக்கா, நீங்க போயிருவீங்க," என்றேன்.

"அதுக்கும் இழுப்புத்தான். எனக்குத் தெரியும்."

மரைக்கார் வாளியைக் கீழே வைத்தார். சாறனை மடித்துக் கட்டினார். ஒரு சாக்குத் துண்டு எடுத்தார். நாங்களும் எடுத்தோம்.

"மெல்ல," என்றார் காக்கா. "தோல் போகப்படா."

பின்னேரம் அசர் பாங்குக்கு முன் பச்சை போய்த் தண்டு வெளியே வந்துவிட்டது. காக்கா இழுப்புக்கான குளிசையை விழுங்கிவிட்டு மரத்தில் சாய்ந்தார். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். மரைக்கார் தொழுதுவிட்டு நேரே திரும்பி வந்தார். பக்கத்தில் குந்தினார்.

"காக்காட மூச்ச எண்ணு மனே," என்றார் என்னிடம்.

கச்சி முகம்மதுவின் கை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பது. என்னுடையது இருபது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணச் சொன்னார். முப்பது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி எண்ணினேன்.

இருபது.