பளபளா போட்ட ஏழு மனு

செஞ்சிக் கோட்டையைப் புளி போட்டுத் துலக்க அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தால், ராஜகிரி மலையை ஒரே ஆளாகத் தேய்த்து மினுக்கிவிட்டுத்தான் பளபளா கீழே இறங்கியிருப்பார்.

கடைத்தெருவில் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு எதிரே அவருடைய பித்தளைப் பாத்திரக் கடை. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். டீக்கடையில் டம்ளரைத் தானே ஒருமுறை துலக்கிக்கொண்டுதான் டீ வாங்குவார். ஒருதடவை தெருக்குழாயின் பித்தளைத் திருகைத் துலக்கிவைத்தார். அது மின்னிய மின்னலில் மறுநாளே எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். தெருவே காலிக் குடத்தோடு அவர் கடை முன்னால் வந்து நின்றது.

"இன்னா மாமா, அடுத்தது எத துலக்கப் போற?" என்று கேட்டேன்.

"உன் மூஞ்சிதான்டா. ஆனா அதுக்கு ஒரு மூட்டை புளி பத்தாது."

அவர் மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகன், வெளிநாட்டில் லாரி ஓட்டினான். கம்பெனி அவனை ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தது. லீவில் வந்த நண்பனிடம் ஒரு பழைய வெண்கலக் காசைக் கொடுத்தனுப்பிவிட்டு, போனில் விஷயத்தைச் சொன்னான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"நைனா, நான் இப்ப இருக்கிற ஊர் பேரு வாயில நுழைய மாட்டேங்குது. அந்தக் காசு இந்த ஊர்லதான் அந்தக் காலத்துல அடிச்சதாம். ஊர் பேரு அதுலயே அரபியில இருக்குதாம். நம்ம பள்ளிவாசல்ல காட்டிப் படிச்சிக்கோ."

"படிக்க இன்னாடா அவசரம். அடுத்த வாரம் நீயே சொல்லு," என்றார் அவர்.

காசு பச்சை பூத்திருந்தது. பிள்ளை அனுப்பியதை அப்படியே சாமி படத்துக்கு முன்னால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தார். அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தேய்த்தார்.

அடுத்த வாரம் போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்தப் பக்கம் சண்டை என்று டிவியில் இடிந்த கட்டடங்களைக் காட்டினார்கள். கம்பெனி நம்பர் கிடைக்கவில்லை; காசு கொண்டுவந்த நண்பன் வேறு ஊரில் வேலை பார்த்தவன், அவனுக்கும் தெரியவில்லை. நாலு மாதம் காத்திருந்து கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனோம்.

"எந்த ஊர்ல காணாமப் போனான்? ஊர் தெரியாம எங்கன்னு தேடச் சொல்றது?" என்றார் அதிகாரி.

நேராகப் பள்ளிவாசலுக்கு ஓடினோம். ரிப்பேருக்கு நான் வைத்திருக்கும் லென்ஸைக் கண்ணில் வைத்து, அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத் காசைப் படித்தார். "இஸ்லாம் வந்த புதுசுல அடிச்ச காசு. 'அல்லாஹ்வின் பெயரால் இந்தக் காசு அடிக்கப்பட்டது'ன்னு இருக்குது. அதுக்கப்புறம் இன்ன ஊர்லன்னு வரணும்." காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த இடம் மட்டும் வழவழன்னு இருக்குது. யாருங்க இதத் துலக்கினது?"

பளபளா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். என் நாக்கில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன். ஆயிரத்து முந்நூறு வருஷம் மண்ணுக்கடியில் அழியாமல் கிடந்த ஊர், செஞ்சியில் நாலு மாதம் தாங்கவில்லை.

ஹஜ்ரத் காசைப் படம் பிடித்து, தெரிந்த அரபி வாத்தியார் ஒருவருக்கு அனுப்பினார். இந்த மாதிரிக் காசு அடித்திருக்கக்கூடிய ஊர்கள் ஏழு என்று பதில் வந்தது. ஹிம்ஸ், டமாஸ்கஸ், பால்பெக் என்று ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, பளபளா ஊருக்கு ஒன்றாக மனு எழுதினார்.

"எத்தினி பசங்க உங்களுக்கு?" என்றார் அதிகாரி.

"ஒருத்தன்தான் சார்."

"மனு ஏழு இருக்குது?"

"ஊரு ஏழு சார்."

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. அப்படி ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. ஏழாவது பதில் வந்தபோது கடையில் குடமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. புளிப் பானையில் பூஞ்சை பிடித்திருந்தது.

"வேற ஊரு எதுனா இருக்குதா, போன்ல பாருடா," என்றார்.

தேடினேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் திரையை விரலால் தள்ளிக்கொண்டே, "ஒன்னு இருக்குது மாமா. கஸ்ரான்னு சின்ன ஊரு. மேப்லயே லேட்டாத்தான் வருது," என்றேன்.

எட்டாவது மனுவில் அதை எழுத்தெழுத்தாக எழுதினார். பிறகு தலை நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். என் பொய்களை எல்லாம் கடை திறந்த நாளிலிருந்து கேட்டுப் பழகியவர்.

"அந்த ஊர்ல வெயிலு ஜாஸ்தியாடா?"

"நம்ம செஞ்சி அளவுக்கு இல்ல மாமா."