ரசீது கொடுத்தால் கட்டுகிறேன்

“வெள்ளைக் கோட்டைத் தாண்டிட்டீங்க” என்றார் போலீஸ்காரர்.

“தாண்டல.”

“முன் சக்கரத்தப் பாருங்க.”

வண்டி ஓட்டி வந்தவர் காரிலிருந்து இறங்கிப் பார்த்தார். சக்கரம் கோட்டின் மேலேயே நின்றது. தாண்டிவிட்டது என்றும் சொல்லலாம், தாண்டவில்லை என்றும் சாதிக்கலாம். அந்த ஊர்ச் சாலைகளில் கோடுகளை இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் போட்டிருந்தார்கள்.

“சரி, தாண்டியாச்சுன்னே வச்சுக்குங்க. அபராதம் கட்டறேன். ரசீது குடுங்க.”

இதைச் சொல்லும்போது அவருடைய முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். பிழைக்க வந்த அந்நிய நாட்டில் போலீஸ் கை காட்டினால் லைசென்ஸுக்கு அடியில் ஒரு நோட்டை மடித்து வைத்து நீட்டுவதுதான் அங்கிருந்த தமிழர்களின் வழக்கம். இவர் ஒருவர்தான் அந்த ஊர் மொழியில் ‘ரசீது’ என்ற சொல்லை முதல் வாரமே கற்றுக்கொண்டு, அதை மட்டுமே வைத்து இத்தனை வருடம் வண்டி ஓட்டிவந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் போலீஸ்காரர்கள் அவர் முகத்தை ஒரு முறை பார்ப்பார்கள், வண்டி நம்பரை ஒரு முறை பார்ப்பார்கள், “போங்க சார்” என்று கையசைத்துவிடுவார்கள். அதனால் தமிழர்கள் வட்டாரத்தில் அவருக்கு ‘ரசீது’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

யார் வீட்டுப் பிறந்தநாள் விருந்தானாலும் தட்டோடு நின்றுகொண்டு உபதேசம் செய்வார். “நாம பயப்படறோம், அதனால அவன் கேக்கறான். கண்ணப் பாத்து ரசீதுன்னு சொல்லிப் பாருங்க. உண்மைக்கு ஒரு சக்தி இருக்கு.”

அதைக் கேட்டு ஒருவர் சொல்லிப் பார்த்தார். வண்டியைப் பறிகொடுத்து, ஒரு வாரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

“நீங்க கண்ணப் பாத்திருக்க மாட்டீங்க” என்றார் ரசீது.

இன்றும் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் இந்தப் போலீஸ்காரர் புதியவர். சட்டையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. அவர் இவருடைய முகத்தையும் பார்க்கவில்லை, நம்பரையும் பார்க்கவில்லை.

“ரசீது புக்கு தீந்துபோச்சு.”

“புது புக்கு வர்றவரைக்கும் நிக்கறேன்.”

“நிக்க வேண்டாம். லைசென்ஸ் என்கிட்ட இருக்கட்டும். ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்குங்க.”

லைசென்ஸ் சட்டைப் பைக்குள் போயிற்று. ரசீதுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. கோயில் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்த பக்தன் மாதிரி நின்றார்.

நின்றுகொண்டிருக்க நேரமில்லை. அவர் பல்செட் செய்யும் லேப்பில் வேலை பார்த்தார். பின் சீட்டில், பஞ்சு வைத்த டப்பாவுக்குள் ஒரு முழுப் பல்செட் இருந்தது. அது ஒரு வயதான வக்கீலுக்கு உரியது. அன்று மதியத்துக்கு மேல் கோர்ட்டில் அவருக்கு இறுதி வாதம். பழைய செட் உடைந்துபோனதிலிருந்து அவர் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. லேப் முதலாளியம்மா காலையில் டப்பாவைக் கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். “இது போய்ச் சேரலேன்னா அந்த மனுஷன் கேசு தோப்பாரு. தோத்தா அடுத்த கேசு நம்ம மேலதான்.”

ரசீதின் விசாவைப் புதுப்பிக்க அந்த மாதம்தான் கெடு. அதற்கு அவள் கையெழுத்து வேண்டும். மகள் பள்ளி இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் ஒரு ஏட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுவரில் மங்கிய பச்சைச் சாயம், மூலையில் ஒரு நீளமான மர பெஞ்சு. லைசென்ஸை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ரசீதுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

“புகார் எழுதிக்குங்க. அபராதத்துக்கு ரசீது தர மறுத்தாருன்னு.”

ஏட்டு பேப்பரைத் தாழ்த்தினார். “புகாரா? யோசிச்சுச் சொல்றீங்களா?”

“யோசிச்சாச்சு.”

“அப்ப உங்க வண்டி சாட்சிப் பொருள் ஆகுது. விசாரணை முடியறவரைக்கும் உள்ள நிக்கணும்.” அவர் கையைக் காட்ட, ஒருவர் போய் காரைக் கம்பிவேலிக்குப் பின்னால் விட்டுப் பூட்டிவிட்டு வந்தார்.

“ஐயோ, வண்டிக்குள்ள பல்லு இருக்கு!”

“பல்லா? யாரோட பல்லு?”

“ஒரு வக்கீலோடது.”

ஏட்டு எழுந்து நின்றார். “வக்கீல் எங்க?”

“வீட்ல இருப்பாரு. பல்லு மட்டும்தான் என்கிட்ட இருக்கு.”

இதற்கு மேல் அவர் கொடுத்த விளக்கம் ஒவ்வொன்றும் விஷயத்தைக் கெடுத்தது. டப்பா மேஜைக்கு வந்தது. ஏட்டு ஒரு பென்சிலால் பல்செட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒரு வாய்’ என்று எழுதி, அதையும் சாட்சிப் பொருளோடு சேர்த்துவிட்டார்.

ரசீது மைத்துனனுக்குப் போன் செய்தார். அவனும் அதே ஊரில்தான் ஏசி ரிப்பேர் வேலை பார்த்தான். வேலைச் சட்டையோடு தன் வேனில் விரைந்து வந்தவன், நிலைமையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“மாமா, ஊரோட ஒத்து வாழ்னு சும்மாவா சொன்னாங்க? நீங்க இப்படி உக்காருங்க. வாயத் திறக்காதீங்க. நான் ரெண்டு நிமிஷத்துல முடிக்கிறேன்.”

“நீ என்னடா முடிக்கப் போறே?”

“பேசி முடிக்கிறேன்.”

அவன் மேஜைப் பக்கம் போய் வானிலையைப் பற்றி ஏதோ பேசினான். பேசிக்கொண்டே ஏட்டின் பேப்பருக்கு அடியில் எதையோ தள்ளினான். ஏட்டின் முகத்தில் அன்று முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. பல்செட் டப்பாவை மூடி நகர்த்தக்கூடச் செய்தார். காரியம் கைகூடுகிற நேரம்.

ரசீது பாய்ந்து போய்ப் பேப்பரைத் தூக்கினார். அடியில் மடித்த நோட்டுகள்.

“என் பேர்ல ஒரு பைசா லஞ்சம் போகக்கூடாது!” என்று கத்தினார். அதுவும் அந்த ஊர் மொழியில், எல்லோருக்கும் புரியும்படி.

ஸ்டேஷனில் காத்திருந்த ஜனம் மொத்தமும் திரும்பியது. இத்தனை பேர் பார்க்கும்போது ஏட்டு என்ன செய்வார், பாவம்? நேர்மையாக இருந்தாக வேண்டிய நிர்ப்பந்தம்.

“லஞ்சமா! எனக்கா!” என்று மேஜையைத் தட்டினார். “உக்காருய்யா பெஞ்சுல!”

மைத்துனன் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் ரசீதும் உட்கார்ந்தார்.

“நல்லா இருங்க மாமா” என்றான் அவன், எதிரே சுவரைப் பார்த்தபடி. “நீங்க ரொம்ப நல்லா இருங்க.”

“தப்பு தப்புதானேடா.”

“எனக்கு மதியம் மூணு வீட்ல ஏசி பாக்கணும். என் விசாவும் இந்த ஊரு விசாதான் மாமா. ஞாபகம் இருக்கா?”

ரசீது அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மைத்துனன் அக்காவுக்குப் போன் போட்டான். “அக்கா, மாமாவப் பிடிச்சு வச்சிருக்காங்க... என்னையுந்தான்... மாமாதான் பிடிச்சுக் குடுத்தாரு.”

அடுத்த போன் முதலாளியம்மாவிடமிருந்து வந்தது.

“பல்லு எங்க?”

“ஸ்டேஷன்ல இருக்கும்மா.”

“நீ?”

“நானும்.”

“கோர்ட் கூடறதுக்குள்ள பல்லு அவரு வாய்ல இருக்கணும். இல்லேன்னா கையெழுத்துக்காக என் முன்னாடி வந்து நிக்காதே” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரசீது போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசா போனால் மகள் பரீட்சை எழுத முடியாது. பாதிப் படிப்போடு அவளைக் கூட்டிக்கொண்டு எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது? கொள்கை தன்னுடையது. அதற்காகத் தான் கஷ்டப்படலாம். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவனையும், பள்ளிக்கூடத்தில் இருப்பவளையும் கேட்காமலே அதில் இழுத்துவிட என்ன உரிமை இருக்கிறது? வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு போலீஸ்காரருக்காகத் தன் பர்ஸைக் கையில் எடுத்தார்.

“என்னங்க பண்றீங்க?”

மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவள் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறாள்.

“குடுத்துடலாம்னு...” பர்ஸை விரித்துக் காட்டினார். “வேற வழி தெரியல. பொண்ணு படிப்பு...”

“ஒரு பைசா குடுக்கக் கூடாது.”

“அம்மாடி, நிலைமை தெரியாம பேசாதே.”

“எல்லாம் தெரியும். பர்ஸ இப்படிக் குடுங்க.” பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். “நாம எதுக்குக் குடுக்கணும்? குடுக்க மாட்டோம். நான் போய்ப் பேசறேன்.”

“அக்கா, நீயுமா!” என்றான் தம்பி அலறாத குறையாக. “இந்தக் குடும்பத்துல ஒரு ஆளாவது உருப்படியா இருக்கும்னு நெனச்சேனே!”

“நீ சும்மா இருடா.”

அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள். மேலே பெரிய அதிகாரியின் அறை. கதவு திறந்து மூடியது. ரசீதுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தான் தளர்ந்த இடத்தில் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். இத்தனை காலம் தன்னைத்தான் அந்த வீட்டின் முதுகெலும்பு என்று நினைத்திருந்தார். வெறுங்கையோடு, அந்நிய நாட்டு அதிகாரியிடம் நியாயம் கேட்க ஒரு பெண் தனியாகப் போகிறாள் என்றால், அவள் எப்பேர்ப்பட்டவள்!

“பாத்தியாடா உங்கக்காவ” என்றார் தழுதழுத்து.

“பாத்தேன். எனக்கும் சேத்து பெட்டி கட்டப் போறா.”

வெகுநேரம் ஆகவில்லை. மாடிக் கதவு திறந்தது. முன்னால் பெரிய அதிகாரியே இறங்கி வந்தார், பின்னால் அவள் தலை குனிந்தபடி வந்தாள். அதிகாரி நேராக ரசீதிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“தவறு எங்க மேலதான். உங்கள மாதிரி மனுஷங்க இருக்கறது எங்க ஊருக்குப் பெருமை.”

லைசென்ஸ் வந்தது. ஏட்டு பல்செட்டைத் துணியால் துடைத்து, டப்பாவில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். மைத்துனனைக்கூட “நீங்களும் போகலாம்” என்றார்கள். புதிய போலீஸ்காரரை மாடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் படியேறும்போது பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

வெளியே வந்ததும் ரசீது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ இல்லேன்னா நான் இன்னிக்கு லஞ்சம் குடுத்திருப்பேன். என் மானத்தைக் காப்பாத்திட்டே.”

“கோர்ட்டுக்கு நேரமாச்சு, கெளம்புங்க” என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். தம்பியின் வேனில் போய் ஏறிக்கொண்டாள்.

“பாத்துக்கோடா” என்று ரசீது மைத்துனனைப் பார்த்துச் சொன்னார். “உண்மைக்கு ஒரு சக்தி இருக்கு.”

அவனும் மெல்லத் தலையாட்டிவிட்டு வேனைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ரசீது பல்செட்டைப் பக்கத்து சீட்டில் பத்திரமாக வைத்து, சீட் பெல்ட்டையும் போட்டுவிட்டு, காரைக் கிளப்பினார். கம்பிவேலிக் கதவைத் திறந்துவிட்ட வயதான காவலாளி அவருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, கார் ஜன்னலோரம் குனிந்து சங்கடத்தோடு சொன்னார்.

“மனசுல வச்சுக்காதீங்க சார், பையன் புதுசு; உங்க வண்டிக்கு வருஷா வருஷம் உங்க வீட்டம்மா மொத்தமா முன்கூட்டியே குடுத்துடறாங்கன்னு அவன்கிட்ட யாரும் சொல்லல.”