ஏரிக்கரையில் ஐந்து பேர்

வெயிலுக்குப் பேர்போன ஒரு நாட்டை நிழலில் ஆசைகொண்ட ஒரு மன்னர் ஆண்டுவந்தார். தலைநகர் முழுவதையும் மூடும்படி ஒரு பட்டுக்குடை செய்ய ஆணையிட்டார். கஜானா போதவில்லை. ஏரிகளைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பணமும் குடைக்கே போனது.

"குடை விரிந்தால் வெயில் குறையும். வெயில் குறைந்தால் தாகம் குறையும். தாகம் குறைந்தபின் ஏரி எதற்கு?" என்று சபையில் விளக்கினார் மந்திரி வாகைநம்பி. சபை கைதட்டியது. கைதட்டாதவர்களைச் சபையிலிருந்து முன்பே அனுப்பியிருந்தார்கள்.

ஆம்பல்குழி என்ற ஊரில் ஏரிக்கரை உடைந்து கிடந்தது. மழைக்குள் அடைக்காவிட்டால் வருகிற தண்ணீரெல்லாம் ஓடிவிடும். இந்த வருடமும் நடவு கிடையாது. அரைக் காணி நிலத்தை நம்பிப் பிழைத்த சிட்டம்மா, மனுக் கொடுத்து அலுத்துப்போய், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உடைப்பின் அருகில் போய் உட்கார்ந்தாள். 'குடை வேண்டாம், கரை வேண்டும்' என்று ஒரு பழைய வேட்டியில் எழுதிக் கட்டினார்கள். கையோடு மண்கூடைகளும் கொண்டுவந்திருந்தார்கள்.

ஐந்து பேர்தானே என்று அரசு சும்மா இருந்திருக்கலாம். எந்த அரசுக்கு அந்தப் புத்தி இருந்தது? நூறு பேருக்குக் குறைந்தால் அது போராட்டமே ஆகாது என்று சட்டம் வந்தது. குறைகிறதா என்று எண்ணிப் பார்க்கக் கணக்கர்கள் வந்தார்கள். அந்த ஐவரிடமிருந்து கணக்கர்களைக் காக்க ஒரு படை வந்தது. நாடு குடையைத்தான் விரும்புகிறது என்று காட்ட, வண்டி வண்டியாக வாழ்த்துக் கூட்டமும் வந்து இறங்கியது. இந்தச் செலவுக்காக உப்புக்கு வரி ஏறியது.

வந்தவர்களுக்குத் தாகம் எடுத்தது. குடைதான் இன்னும் விரியவில்லையே. ஏரியில் மிச்சமிருந்த குட்டையை நோக்கி நடந்தவர்களைச் சிட்டம்மா மறித்தாள்.

"தண்ணி குடிங்க, யாரும் வேணாங்கல. ஆனா குடிச்சவங்க கரைக்கு ஒரு கூடை மண்ணு போட்டுட்டுத்தான் போவணும். எங்க ஊரு வழக்கம். ராசாவே வந்தாலும் அதான்."

படைத்தலைவன் வாளில் கைவைத்தான். "அரசின் ஆட்களுக்கே நீ வழக்கம் சொல்கிறாயா?"

"ஏன் தம்பி, உங்க ஊர்ல ஏரியே கெடையாதா?"

அவன் ஊரிலும் ஏரி இருந்தது. அதன் கரையும் உடைந்துதான் கிடந்தது. அவன் கூடையை வாங்கிக்கொண்டான்.

வெயில் கொளுத்தியதால் எல்லோரும் பலமுறை குடித்தார்கள். மழைக்கு முன்பே உடைப்பு அடைபட்டது.

மந்திரி விரைந்து வந்தார். கரை உயர்ந்தது குடையின் அருளால்தான் என்று பொறித்த பெரிய கருங்கல்லை நட்டு, மேளதாளத்தோடு விழா எடுத்தார். "குறை தீர்ந்தது. இனி வீட்டுக்குப் போகலாமே அம்மா" என்றார் பெருந்தன்மையாக.

சிட்டம்மா கல்லின் பின்புறத்தைத் தடவினாள். பாசி கையில் ஒட்டியது.

"இது மதகுக் கல்லாச்சே. எந்த ஏரில பேத்தீங்க?"

"பக்கத்து ஊர் ஏரியில். சிக்கனம் கருதி" என்றார் மந்திரி.

ஐந்து பேரும் வேட்டியை அவிழ்த்துச் சுருட்டினார்கள். கூடைகளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், எண்ணுவதற்குக் கணக்கர்களும், அவர்களைக் காக்கப் படையும், வாழ்த்துக் கூட்டமும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.

"வரட்டும்" என்றாள் சிட்டம்மா. "அங்கயும் தாகம் எடுக்கும்."