பொடியன் நான்கு கிலோ இளைத்த விவரம்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அந்த 'எல்லாரும்' என்பதில் நீ முதலில் தேடுவது உன் நாயையும் பூனையையும்தான் என்று தெரியும். அவர்கள் நலம், அடுத்தபடியாக உன் அத்தையும் நானும் நலம். வேலைக்காகப் போன ஊரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் நாய் பொடியன் நான்கு கிலோ இளைத்துவிட்டான்! இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இறங்காவிட்டால் முழங்காலில் அறுவை சிகிச்சைதான் என்று மருத்துவர் சொன்னபோது நீ அழுதது என் கண்ணிலேயே நிற்கிறது. இனி அழ வேண்டாம். இன்று மாலை அவரிடம் காட்டப் போகிறோம்.

பெருமையெல்லாம் நீ குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன உணவுத் திட்டத்துக்குத்தான். முப்பத்து நான்கு வருடம் பாடத்திட்டங்களோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், இவ்வளவு தெளிவான ஒன்றை நான் கண்டதில்லை. பொட்டலத் தீனி கிடையாது, எலும்பில்லாத கோழி, பூசணி, கேரட், எல்லாம் வேகவைத்து. உப்பு, வெங்காயம், திராட்சை கூடவே கூடாது. பூனைக்கு இறைச்சிதான் பிரதானம். பூனை முதல் நாளே பள்ளி ஆய்வாளர் மாதிரி வந்து தட்டை மோந்து பார்த்து, ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனது. பொடியன்தான் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வீட்டுப்பாடம் கொடுத்த மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சொன்னால் கேட்காத பிள்ளைக்குச் செய்து காட்ட வேண்டும் இல்லையா? நானும் ஒரு தட்டில் அதையே போட்டுக்கொண்டு அவன் எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், "ஆகா, பூசணி!" என்று சத்தமாகவும் சொன்னேன். உன் அத்தை எட்டிப் பார்த்து, "ஏங்க, அதுக்குச் சொல்லித் தர்றீங்களா, அது சோத்துல பங்கு கேக்குறீங்களா?" என்றாள். சிரிக்கட்டும், பொடியன் எழுந்து வந்து நக்கினானே! அன்றிலிருந்து இரண்டு வேளையும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம், நான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுகிறான், என்ன செய்ய. வாராவாரம் அவனைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறுவேன். முதல் வாரம் இருவரும் சேர்ந்து தொண்ணூற்று நான்கு, இந்த வாரம் தொண்ணூறு. என் அறுபத்தாறைக் கழித்தால் அவன் இருபத்து நான்கு. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு, தப்பாது.

உன் அக்கறைக்கும் அறிவுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

உன் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மருத்துவரிடம் போய் வந்துவிட்டோம். அங்கே தரையோடு ஒரு தராசு. பொடியன் தனியாக ஏறி நின்றான். இருபத்தெட்டு. ஒரு கிராம் குறையவில்லை.

"வீட்டுல நாலு கிலோ குறைஞ்சுதே டாக்டர்!"

"நீங்க ஏறுங்க சார்."

அறுபத்திரண்டு. இரண்டு வாரமாகக் கால்சட்டை நழுவுவதற்குத் துணியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உன் அத்தை பொடியனைப் பார்த்துக்கொண்டே, "பாவமா இருந்துச்சுங்க. காலைல மூணு பிஸ்கட், சாயந்திரம் மூணு, அவ்ளோதான்" என்றாள். மருத்துவர் இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்.

உன் உணவுத் திட்டத்தில் ஒரு குறையும் இல்லையம்மா, அதற்கு நானே சாட்சி. இனி அதைப் பொடியனிடமும் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.