சர்வர் சித்தரின் காவல் வரி

சித்தர் வருகிறார் என்றதும் மூன்றாம் மாடியில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. கண்ணாடிக் கதவருகே ஒரே கூட்டம். முண்டியடித்தவர்கள் அத்தனை பேரும் பொறியியல் படித்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சித்தருக்குத் தாடியும் இல்லை, தடியும் இல்லை, மடிக்கணினி இருந்தது. அந்த அலுவலகத்தின் பேருந்து டிக்கெட் இணையதளம் கொஞ்ச காலமாக நின்று நின்று ஓடியது. காரணம் குப்பை. ஜாவா நிரல் உண்டாக்கித் தூக்கிப்போடுவதை அள்ள உள்ளேயே ஒரு துப்புரவாளர் உண்டு. குப்பை மிஞ்சினால் அவர் எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் கூட்டுவார். டிக்கெட் கேட்டவர் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

சித்தர் முதல் முறை வந்தபோதே தேடல் பக்கத்தில் ஒரு ‘காவல் வரி’ எழுதியிருந்தார். தொடக்கூடாது, படிக்கவும் கூடாது. யாரும் படிக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அமைப்புக் கோப்பில் துப்புரவாளருக்கான சில ரகசிய வரிகளைத் திரையை மறைத்தபடி தட்டுவார். பிறகு சர்வரை நிறுத்தித் தொடங்குவார். மெமரி எவ்வளவு நிரம்பியது என்று திரையில் காட்டும் கோடு தரைக்கு இறங்கும். கைதட்டல்! புதிதாகத் தொடங்கினால் மெமரி காலியாகத்தானே இருக்கும் என்று கேட்க நாதியில்லை.

இன்றும் அதே கூத்து. முடிந்ததும் சித்தர் திரும்பினார்.

“தேடல் பக்கம் எழுதினது யாரு?”

“நான்தான்” என்றாள் ஏனக்கா. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் வந்த பட்டப்பெயர்.

“கை சரியில்லம்மா. இந்தக் கை பட்ட இடத்துல குப்பை சேரத்தான் செய்யும்.”

மேலாளர் அவளைத் தனியே கூப்பிட்டார். “தப்பா நினைக்காதீங்கம்மா. வேற எங்கயாவது வேலை பாத்துக்கங்களேன்.”

படித்த மனிதர், கைராசி பார்த்து வேலையைவிட்டு அனுப்புகிறார்!

“போறேன் சார். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை” என்று அவர் காதில் ஏதோ சொன்னாள்.

மேலாளர் அரைமனதோடு தலையாட்டினார். தளத்தைச் சுமந்த இரண்டு சர்வர்களையும் அவரே நிறுத்தித் தொடங்கினார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இரண்டு மெமரிக் கோடுகளும் பெரிய திரையில் பக்கத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

“ஐயா, உங்க ரகசிய வரி எதுல இருக்கு?”

சித்தர் கண்ணை மூடினார். இடது கோட்டைத் தொட்டார். “இதுல. எவ்வளவு சாந்தமா ஏறுது பாருங்க!”

கூட்டம் சிலிர்த்தது. மேலாளர் மெல்லச் சொன்னார். “உங்க வரிங்கள ரெண்டுலயுமே எடுத்துட்டேங்க.”

“அ... அதனாலதான் குப்பை!”

“காலையில உங்க வரிங்க இருந்தப்போ ஏறின கோடு இது” என்று மூன்றாவதாக ஒன்றை விரித்தாள் அவள். மூன்றும் ஒட்டிப் பிறந்தவை போல ஏறின.

“கூட்டுறவரையே மிரட்டிக்கிட்டிருந்தா ஆச்சா? குப்பையைப் போடுறது யாருன்னு பாக்க வேணாமா?”

ஜாவாவோடு வரும் பதிவுக் கருவியை ஓடவிட்டாள். எந்த வரி எவ்வளவு குப்பை போடுகிறது என்று அது சொல்லிவிடும். முதலிடத்தில், எட்ட முடியாத உயரத்தில், ஒரே ஒரு வரி. யார் எதைத் தேடினாலும் எல்லாப் பேருந்துகளின் எல்லா இருக்கைகளையும் ஒரு நீண்ட வாசகமாகக் கோத்து, தளத்தில் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக்கு அனுப்புகிற வரி. அந்தப் பதிவேடோ அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கோத்தது அத்தனையும் அந்தக் கணமே குப்பை.

“காவல் வரி!” என்று பின்னாலிருந்து ஒருவர் அலறினார்.

அவள் அதை அழித்தாள். சர்வர் மறுபடி தொடங்கியது. கோடு இம்முறை ஏற மறுத்துப் படுத்தே கிடந்தது. தளம் நிற்காமல் ஓடியது. சித்தர் எப்போது மாடிப்படி இறங்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மேலாளர் அவளிடம் வந்து தலையைச் சொறிந்தார். “மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க எங்கயும் போக வேணாம். ஆமா... புது சர்வர் வருதே, அதைத் தொடங்கி வைக்க நல்ல கையா யாராவது...”

“ஏன் சார்?” என்றாள் அவள்.

மெமரியில் சேரும் குப்பையை அள்ள ஜாவாவில் ஆள் இருக்கிறது. மண்டையில் சேருவதை, ஐயா, அவரவர்தான் அள்ள வேண்டும்.