விட்ட இடத்திலிருந்து

இடது கிருதாவை எடுத்தாயிற்றா, இல்லையா? போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் திரும்பிய சலூன்காரருக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

உட்கார்ந்திருப்பவர் லேசுப்பட்டவர் இல்லை. கடைச் சொந்தக்காரரின் புது மாப்பிள்ளை. முகத்தையே இன்றுதான் பார்க்கிறார். "நாளைக்கு அவருக்கு இன்டர்வியூ. முடியில ஏதாவது கோளாறு பண்ணினே, கடையைக் காலி பண்ணிடணும்" என்று சொந்தக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று இடதில் இன்னொரு முறை மிஷினை ஓட்டினார். கிருதா காதைத் தாண்டி மேலே போய்விட்டது.

"ஐயா, நான் வந்து..."

"தலையை ஆட்டாதீங்க தம்பி. காது போயிடும்."

வலதை அதற்குச் சமமாக்கும்போது மனைவி அழைத்தாள். "மோட்டாரை நிறுத்திட்டுத்தானே போனீங்க?"

"நிறுத்தினேனே... நிறுத்தினேனா?"

"மாடிப்படி வழியா ஆறு ஓடுது."

கை தலையில், மனசு தண்ணீர்த் தொட்டியில். வலது பக்கம் இடதைவிட மேலே ஏறிவிட்டது.

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். "அண்ணே, ஒரு நிமிஷம்..."

"உட்காருங்க. அடுத்தது நீங்கதான்."

மிஷினின் சீப்பைக் கழற்றி முடியை ஊதும்போது மகள் அழைத்தாள். "அப்பா, ஏழெட்டு எவ்வளவு?"

"அம்பத்தாறு" என்றவர், சீப்பை மாட்டாமலே பிடரியிலிருந்து உச்சிவரை ஓட்டிவிட்டார். நடுத்தலையில் வழவழவென்று ஒரு சாலை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். நல்லவேளை, நாற்காலி கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

போனை அணைத்தார். "வெயில் காலம் தம்பி. இப்ப இதுதான் ஸ்டைல்" என்று மொத்தத்தையும் மழித்தார். தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை ஒரே மூச்சாக அவர் அன்று செய்த வேலை அது ஒன்றுதான். ஒரு கீறல்கூட விழவில்லை.

நாற்காலியைத் திருப்பினார். கண்ணாடியைப் பார்த்தவர் தலையைத் தடவினார்.

சலூன்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தக் கடையை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்லை, மாப்பிள்ளை. மாமனார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பெஞ்சுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

"சொல்லமாட்டேண்ணே. மாப்பிள்ளை நான்தான், அவரு உங்க நாற்காலியை ரிப்பேர் பண்ணிட்டு உட்கார்ந்து பார்த்தவரு."